மஸ்டோடன்: சேர்வர் விழுந்தால் எங்கள் பதிவுகளுக்கு என்ன நடக்கும்?

2022 ஏப்ரல் 3ஆம் திகதி நள்ளிரவு கழிந்ததும் இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், டுவிட்டர், யூடியூப் எல்லாம் ஒன்றாக நின்றுபோயின. ஜனாதிபதிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்கள் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் விதிக்கப்பட்ட அந்தத் தடை அன்று பிற்பகல்தான் நீங்கியது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் இதுவே நடந்தது. தமிழ் வாசகர்களுக்கு இந்த அனுபவம் இன்னும் பழையது. தமிழ்நெற் இணையத்தளம் 2007 ஜூனிலேயே இங்கு தடைசெய்யப்பட்டுவிட்டது.

அரசு கதவை அடைப்பது ஒரு பக்கம். நிறுவனங்களே பதிவுகளை நீக்குவது மறுபக்கம். மே மாதத்திலும் நவம்பரிலும் நினைவேந்தல் படங்கள் காணாமற்போவதும் கணக்குகள் முடக்கப்படுவதும் எம்மவர்களுக்குப் பழகிப்போன விடயங்கள். அதே நிறுவனங்கள், வெறுப்புப் பேச்சைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் உண்டு. 2018 வன்முறையில் தனது தளம் வகித்த பங்கிற்காக பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

இந்தப் பின்னணியில்தான் "மஸ்டோடனுக்குப் போவோம்" என்ற பேச்சு செயற்பாட்டாளர்களிடையே அவ்வப்போது எழுகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சிறிய மஸ்டோடன் சேர்வரைப் பராமரித்து வருகிறேன். ஏறத்தாழ 40 பேர் பயன்படுத்துகிறார்கள். நான் படித்தது ஊடகக் கற்கைகள். கணினி வேலையை அவசியத்தின் பேரில் கற்றுக்கொண்டேன். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அங்கே போட்டால் ஒருவராலும் அழிக்க முடியாதா? இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. அந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகிறது என்று தெரிந்தால்தான் பதிலும் விளங்கும்.

ஒரு நிறுவனம் இல்லாத வலையமைப்பு

மஸ்டோடனை ஜேர்மனியில் இருந்த இயூகென் ரொச்கோ என்ற இளைஞர் எழுதி 2016 ஒக்டோபரில் வெளியிட்டார். அது ஒரு தளத்தின் பெயர் என்பதைவிட ஒரு மென்பொருளின் பெயர் என்பதே சரி. யாரும் அதை இலவசமாக எடுத்துத் தமது சேர்வரில் நிறுவலாம், திருத்தலாம். திருத்தியதைப் பொதுமக்களுக்கான சேவையாக நடத்தினால், திருத்திய நிரலையும் பயனர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அதன் உரிமத்திலுள்ள நிபந்தனை. டொனால்ட் ட்ரம்பின் ட்ரூத் சோஷல் 2021இல் இந்த நிரலைச் சொல்லாமல் எடுத்து, பிறகு அகப்பட்டு, நிரலை வெளியிட்டது. கட்டற்ற மென்பொருள் எமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் கட்டற்றதாக இருப்பதில்லை.

இப்படி நிறுவப்பட்ட ஆயிரக்கணக்கான சேர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மின்னஞ்சலில் ஜிமெயில் வைத்திருப்பவர் யாகூ வைத்திருப்பவருக்கு எழுதுவதைப் போன்றதுதான். முகவரியும் அப்படியே இரண்டு பகுதி: ஆளின் பெயர், சேர்வரின் பெயர். இந்தச் சேர்வர்கள் பேசும் பொது மொழியின் பெயர் அக்டிவிட்டிபப். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அங்கீகரித்தது. மிஸ்கீ, பிளெரோமா, கோடுசோஷல் போன்ற வேறு மென்பொருட்களும் இதே மொழியைப் பேசுகின்றன. மெட்டாவின் த்ரெட்ஸ்கூட 2023 டிசெம்பரில் பரீட்சார்த்தமாகப் பேசத் தொடங்கியது. புளூஸ்கை பேசுவது வேறொரு மொழி. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

2022 ஒக்டோபர் இறுதியில் ஈலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது பெருங்கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. ரொச்கோ சொன்ன கணக்கின்படி, மாதந்தோறும் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாகப் பெருகினர். ஓய்வு நேரத்தில் நடத்தப்பட்ட சேர்வர்கள் பல அந்த வாரங்களில் மூச்சுத் திணறின. இன்று பராமரிப்பாளர்கள் வைத்திருக்கும் அறிவில் பெரும்பகுதி அப்போது பட்டுத் தெளிந்ததுதான்.

ஒரு பதிவு போகும் வழி

வவுனியாவில் உள்ள ஒருவர் எங்கள் சேர்வரில் எழுதுகிறார். ரொறன்ரோவில் இருக்கும் அவரது சகோதரி வேறொரு சேர்வரில் அவரைப் பின்தொடர விரும்புகிறார். முதலில் சகோதரியின் சேர்வர், வெப்ஃபிங்கர் என்ற ஒரு விசாரணை மூலம் "இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் உண்டா?" என்று எங்கள் சேர்வரைக் கேட்கிறது. பதிலில் கிடைக்கும் முகவரிக்குப் போனால் அந்தக் கணக்கின் விபரக்கோவை கிடைக்கும். அதில் இரண்டு முக்கியமான விடயங்கள் உண்டு. ஒன்று, கடிதம் போடவேண்டிய உட்பெட்டியின் முகவரி. மற்றது, அந்தக் கணக்கின் பொதுச் சாவி.

பிறகு வவுனியாக்காரர் எழுதும் ஒவ்வொரு பதிவையும் எங்கள் சேர்வர் அவரது தனிச் சாவியால் கையொப்பமிட்டு அந்த உட்பெட்டிக்கு அனுப்பும். மறுமுனை கையொப்பத்தைப் பொதுச் சாவியோடு ஒப்பிட்டு, சரியென்றால் பதிவை வாங்கித் தன்னிடம் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளும். இந்த இடத்தை ஊன்றிக் கவனிக்கவேண்டும். பதிவு வெளியே போன நிமிடத்திலிருந்து அதன் பிரதிகள் எங்கள் கையில் இல்லாத இயந்திரங்களில் இருக்கின்றன. நாங்கள் ஒரு பதிவை அழித்தால், "அழித்துவிடுங்கள்" என்று அந்தச் சேர்வர்களுக்கு இன்னொரு கடிதம் போகும். ஒழுங்கான சேர்வர்கள் அதன்படி செய்யும். செய்யாத சேர்வரை எதுவும் செய்ய முடியாது.

சேர்வருக்குள்ளே இந்த வேலைகளைப் பிரித்துச் செய்பவர்கள் பலர். பூமா என்பது முன்வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்குவது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம்தான் கணக்குப் புத்தகம். சைட்கிக் என்பது தபாற்கந்தோரின் பின்கட்டில் கடிதங்களைப் பிரித்து அனுப்பும் ஊழியர். அவர் முன்னே குவிந்திருக்கும் கடிதங்கள் ரெடிஸ் என்ற நினைவகத்தில் இருக்கின்றன. புதிய பதிவுகளை உடனுக்குடன் திரைக்குத் தள்ள இன்னொரு சிறிய நிரல். பழுது வரும்போது இவர்களில் யார் நிற்கிறார், யார் மற்றவருக்காகக் காத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

"போட்டேன், போய்ச் சேரவில்லை"

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். முதலில் பார்க்கவேண்டியது சைட்கிக்கின் வரிசைகளை. வெளியே போகும் கடிதங்களுக்கு ஒரு வரிசை, உள்ளே வருபவற்றிற்கு ஒன்று, மின்னஞ்சல்களுக்கு ஒன்று, மற்ற இடங்களிலிருந்து இழுத்து எடுக்கவேண்டியவற்றிற்கு ஒன்று, நேர அட்டவணை வேலைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். எது நீள்கிறது என்பதே பாதிப் பதில். வெளிச்செல்லும் வரிசை நீண்டால் எங்கள் குரல் தாமதமாகிறது. உள்வரிசை நீண்டால் உலகத்தின் செய்தி எமக்குத் தாமதமாகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரவில்லை என்றால் மின்னஞ்சல் வரிசையைப் பார்க்கவேண்டும்.

வரிசையில் எத்தனை வேலை இருக்கிறது என்பதைவிட, முன்னால் நிற்பது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது. 5,000 கடிதங்கள் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகலாம். 50 கடிதங்கள் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றால் அதுதான் பழுது.

உடனே தோன்றும் பரிகாரம் ஊழியர்களைக் கூட்டுவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு சைட்கிக் ஊழியருக்கும் தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பு வேண்டும். போஸ்ட்கிரெஸ் வழமையான அமைப்பில் 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். அதற்கு மேல் ஊழியர்களைச் சேர்த்தால் அவர்கள் கடிதம் பிரிப்பதற்குப் பதிலாகக் கணக்குப் புத்தகத்தின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். முன்வாசலும் அதோடு நின்றுவிடும். ஆகவே ஊழியர் எண்ணிக்கையையும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே கூட்டவேண்டும். அதற்கும் மேலே போனால் இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பிஜிபவுன்சர் என்ற இடைநிலை நிரல் தேவைப்படும். நேர அட்டவணை வரிசையை மட்டும் ஒரே ஒரு செயல்முறைதான் கவனிக்கவேண்டும். இரண்டு பேர் கவனித்தால் அதே வேலை இரண்டு முறை நடக்கும்.

மின்வெட்டு அனுபவம் உள்ள எமக்கு ஆறுதலான விடயம் ஒன்று இதில் உண்டு. எங்கள் சேர்வர் ஒரு நாள் படுத்துவிட்டாலும் வெளியிலிருந்து வரவேண்டியவை தொலைந்துபோவதில்லை. அனுப்பிய சேர்வர் இடைவெளியைக் கூட்டிக் கூட்டி மறுபடி முயன்றுகொண்டிருக்கும். ஏழு வெவ்வேறு நாட்களில் அனுப்பும் முயற்சி தோற்றால்தான் மஸ்டோடன் எங்களைக் "கிடைக்காத சேர்வர்" என்று குறித்து அனுப்புவதை நிறுத்தும். நாங்கள் எழுந்து அந்தச் சேர்வருக்கு ஏதாவது அனுப்பினால் குறி நீங்கிவிடும். இடையில் நின்றுபோனவை மட்டும் தாமாக வந்து சேரா.

இரண்டாவது வகைப் பழுது கையொப்பம் சம்பந்தப்பட்டது. மறுமுனை 401 என்ற பதிலைத் திருப்பியனுப்பும். அதாவது, கடிதம் கிடைத்தது, ஆனால் கையொப்பம் செல்லாது. நிரலைக் குடைவதற்கு முன்னர் சேர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். கையொப்பத்திற்குள் திகதியும் நேரமும் அடங்குகின்றன. பழைய கடிதத்தை யாராவது களவெடுத்து மறுபடி அனுப்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே நேரம் அளவுக்கு மீறிப் பிழைத்த சேர்வரின் கடிதங்களை மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள். கடிகாரம் சரியென்றால், அடுத்த சந்தேகம் முன்வாசலுக்கு முன்னால் நிற்கும் இடைநிலைச் சேர்வர் மீது. அது கோரிக்கையின் தலைப்பில் சேர்வரின் பெயரை மாற்றிவிட்டால் கையொப்பம் பொருந்தாது.

மூன்றாவது, வன்தட்டு நிரம்புவது. எங்கள் 40 பேர் போடும் படங்கள் மிகக் குறைவு. ஆனால் அவர்கள் பின்தொடரும் எல்லோருடைய படங்களும் காணொளிகளும் எங்கள் சேர்வரில் பிரதியாகச் சேர்கின்றன. தட்டு முழுதாக நிரம்பினால் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடும். அதனால், குறித்த நாட்களுக்கு மேற்பட்ட வெளிப்படங்களை நீக்கும்படி அமைத்துவைப்பது வழக்கம். தேவைப்பட்டால் மூலச் சேர்வரிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இதில் அச்சமில்லை. ஆனால் அதே அமைப்புப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது. அது வெளியிலிருந்து வந்த பதிவுகளையே நீக்கும். எங்கள் பயனர்கள் குறித்துவைத்தவை, மறுபகிர்வு செய்தவை எல்லாம் அதோடு போய்விடும், திரும்பவும் வராது. ஒரு போராட்டத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை ஆவணமாகச் சேர்த்துவைத்திருப்பவர்கள் உள்ள சேர்வரில் அந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

தட்டு நிரம்பாமலும் ஒரு சேர்வரைக் கவிழ்க்கலாம். அமெரிக்காவில் கிறிஸ் நோவா என்ற பொறியியலாளர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் ஹக்கிடெர்ம் என்ற சேர்வரை நடத்தினார். 2022 நவம்பரில் சில நூறு பேரிலிருந்து 30,000 பேராக அது பெருகியது. பக்கங்கள் தாமதித்தன, வரிசைகள் நீண்டன. ஊழியர்களைக் கூட்டினார்கள், இயந்திரங்களைக் கூட்டினார்கள். கடைசியில் பார்த்தால், படங்கள் யாவும் ஒரே இயந்திரத்தின் பழுதடைந்துகொண்டிருந்த தட்டுகளில் இருந்தன. மற்ற இயந்திரங்கள் எல்லாம் வலையமைப்பு வழியாக அந்தத் தட்டுகளுக்காகக் காத்திருந்தன. பிறகு சேர்வரை ஜேர்மனியிலுள்ள தரவு நிலையத்திற்கும் படங்களைத் தனிக் களஞ்சியத்திற்கும் மாற்றி, நடந்ததை எல்லாம் விபரமாக எழுதி வெளியிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் தமது பழுதுகளை இப்படி எழுதுவது அபூர்வம்.

நான்காவது பழுது சத்தமில்லாமல் வருவது. சேர்வரின் இயங்குதளத்தைப் புதிய பதிப்பிற்கு மாற்றும்போது, எழுத்துக்களை அகரவரிசைப்படுத்தும் விதியும் மாறலாம். 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28இல் அப்படித்தான் நடந்தது. தரவுத்தளத்தின் சுட்டிகள் பழைய வரிசையில் இருக்க, தேடல் புதிய வரிசையில் நடக்கும். இருக்கும் கணக்கை இல்லையென்று நினைத்து அதே கணக்கை மறுபடி உருவாக்கும். மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். இயங்குதளத்தை மாற்றியவுடன் சுட்டிகளை மீளக் கட்டுவது ஒரு கட்டளை வேலை. இரட்டைகளைத் தேடிச் சேர்க்க மஸ்டோடனிலேயே ஒரு கருவி உண்டு, ஆனால் அது சேர்வரை நிறுத்திவிட்டு ஆறுதலாகச் செய்யவேண்டிய வேலை.

செய்தித்தளம் நடத்துவோருக்கு ஒரு குறிப்பு. உங்கள் கட்டுரையின் இணைப்பை மஸ்டோடனில் பலர் பின்தொடரும் ஒருவர் பகிர்ந்தால், ஒவ்வொரு சேர்வரும் தலைப்பையும் படத்தையும் எடுக்கத் தனித்தனியாக உங்கள் தளத்திற்கு வரும். ஆயிரக்கணக்கான சேர்வர்கள் குறுகிய நேரத்திற்குள் வந்தால் மலிவான வாடகை இடத்தில் இருக்கும் தளம் விழுந்துபோகும். அதைத் தாக்குதல் என்று நினைத்துப் பதறவேண்டாம். பக்கங்களைத் தற்காலிகப் பிரதியாக வைத்திருந்து கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் போதும். வேர்ட்பிரஸில் நடக்கும் தளங்களுக்கு வேறொரு வழியும் உண்டு. அக்டிவிட்டிபப் செருகுநிரலை நிறுவினால் தளமே ஒரு கணக்காகிவிடும். தனி மஸ்டோடன் சேர்வரும் வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தும் நிரலும்

இந்த வலையமைப்பிற்கு மென்பொருள் எழுத விரும்பும் எங்கள் இளையோர் முதலில் கைவைக்கவேண்டியது இங்கேதான். "முள்ளிவாய்க்கால்" என்ற சொல்லை எடுப்போம். நாங்கள் எண்ணினால் 8 எழுத்து. யூனிகோட் கணக்கில் 16 குறியீடுகள், ஏனென்றால் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். வன்தட்டில் 48 பைட். டுவிட்டரின் 280 எல்லையில் இது 16ஆகக் கழியும். மஸ்டோடன் எழுத்தாகவே எண்ணுவதால் அதன் 500 எல்லையில் 8 மட்டுமே கழியும். தமிழில் எழுதுபவருக்கு இது சிறிய சலுகையல்ல.

ஆனால் எல்லா மென்பொருளும் இப்படிக் கவனமாக எழுதப்படுவதில்லை. குறிச்சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கும் வரியில் "எழுத்து" என்ற வகையை மட்டும் அனுமதித்தால், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் "குறி" என்ற வேறு வகையில் இருப்பதால், "#முள்ளிவாய்க்கால்" என்பது "#ம" என்று வெட்டுப்படும். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதினால் முதல் எழுத்தே ஏற்கப்படாது. மஸ்டோடன் குறிகளையும் சேர்த்தே ஏற்கிறது. புதிதாக ஒரு கைப்பேசிச் செயலி எழுதுபவரோ ஒரு தானியங்கிக் கணக்கு எழுதுபவரோ இதைத் தாமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. "கௌரவம்" என்பதைச் சிலர் ஔகாரக் குறியோடு எழுதுகிறார்கள். சிலர் ஒற்றைக் கொம்பு போட்டு "ள" எழுதி "கெளரவம்" என்று எழுதுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். யூனிகோட்டின் சீராக்கல் விதிகளும் இதைச் சேர்த்துவைக்கா. காணாமலாக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை இப்படிப் பதிவுகளாகப் போட்டுவிட்டுப் பிறகு தேடினால், "சௌந்தரராஜன்" என்ற பெயர் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி கிடைக்காமற்போகும். பட்டியல் சேர்க்கும்போதே ஒரே முறையில் எழுதுவதும், தேடும் நிரலில் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி ஒரு வரி சேர்ப்பதும் அவசியம்.

எங்கள் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, ஒருவர் இருந்து மெய்ப்புப் பார்க்கவேண்டும். தேடலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எலாஸ்டிக்சேர்ச் என்ற தனி நிரலை நிறுவாத சேர்வரில் பதிவுகளின் உள்ளே இருக்கும் சொற்களைத் தேட முடியாது. அது நினைவகத்தை விழுங்கும் நிரல் என்பதால் சிறிய சேர்வர்கள் பல அதை நிறுவுவதில்லை. குறிச்சொற்களைத்தான் நம்பவேண்டும்.

சோதிப்பதற்குக் குறைந்தது இரண்டு சேர்வர்கள் வேண்டும். ஒரு மடிகணினியில் நிறுவிப் பார்த்தால் திரை வரும், பதிவு வரும், ஆனால் பழுதெல்லாம் இரண்டு சேர்வர்கள் பேசும்போதுதான் வெளிப்படும். உள்வலையமைப்பு முகவரிகளோடு மஸ்டோடன் பேச மறுக்கும். அது பாதுகாப்பிற்கான ஏற்பாடு, சோதனைக்கு அதற்கென்று உள்ள அமைப்பில் விலக்குக் கொடுக்கவேண்டும். முடிந்தால் இரண்டாவது சேர்வரில் மிஸ்கீயையோ கோடுசோஷலையோ நிறுவுங்கள். அக்டிவிட்டிபப் பல விடயங்களைத் திறந்தே விட்டிருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு விளங்கியபடி நிரப்பிக்கொள்கிறது. ஓரிடத்தில் நெடுங்கட்டுரையாக அனுப்பியது மஸ்டோடனில் தலைப்பும் இணைப்புமாக மட்டும் நெடுங்காலம் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

எதைக் காப்பாற்றாது

2023 மே மாதத்தில் அமெரிக்காவில் கொலெக்டிவா என்ற மஸ்டோடன் சேர்வரின் நிர்வாகி ஒருவரின் வீட்டை எஃப்.பி.ஐ. வேறொரு விசாரணை தொடர்பாகச் சோதனையிட்டது. அந்த நேரம் அவர் ஒரு கோளாறைத் தீர்ப்பதற்காக, குறியாக்கம் செய்யப்படாத தரவுத்தளப் பிரதி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அதுவும் கைப்பற்றப்பட்டது. அந்தச் சேர்வரில் இருந்த எல்லோருடைய மின்னஞ்சல் முகவரிகளும், நேரடிச் செய்திகளும், அண்மைய சில நாட்களின் இணைய முகவரிகளும் அதில் இருந்தன. வழக்கிற்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

மஸ்டோடனின் நேரடிச் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. சேர்வரைப் பராமரிப்பவர் நினைத்தால் வாசிக்கலாம். தரவுத்தளம் எவர் கைக்குப் போகிறதோ அவரும் வாசிக்கலாம். முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதான நாடு இது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே சாட்சிகளின் பெயர்கள், முறைப்பாட்டின் விபரங்கள் போன்றவற்றை நேரடிச் செய்தியில் அனுப்பவேண்டாம் என்று எங்கள் 40 பேருக்கும் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். அதற்கு சிக்னல் இருக்கிறது. பழுது பார்ப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. முழுத் தரவுத்தளத்தை வீட்டுக் கணினிக்கு இறக்கிப் பரிசோதிக்கும் பழக்கத்தை விடவேண்டும். காப்புப் பிரதி என்றால் மறையாக்கம் செய்த பிரதிதான்.

சேர்வரின் பெயரும் ஒரு பலவீனம். குயர் என்ற பெயரில் ஆப்கானிஸ்தானின் ஏஎஃப் முகவரியை வைத்து நடத்தப்பட்ட ஒரு சேர்வர், 2024 பெப்ரவரியில் தலிபான் அரசு அந்த முகவரியை இடைநிறுத்தியதும் ஒரே நாளில் இல்லாமற்போனது. இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. மஸ்டோடனில் சேர்வரின் பெயரைப் பின்னர் மாற்ற முடியாது, ஏனெனில் மற்றச் சேர்வர்கள் எல்லாம் அந்தப் பெயரால்தான் எங்களை அறிந்திருக்கின்றன. ஆகவே எந்த அரசின் கையில் இருக்கும் முகவரியை வாங்குகிறோம், அது யாருடைய பெயரில் பதிவாகிறது, புதுப்பிக்க மறந்தால் யார் நினைவூட்டுவார் என்பதை நிறுவுவதற்கு முன்னரே தீர்மானிக்கவேண்டும். எங்கள் முகவரியின் கடவுச்சொல் இரண்டு நாடுகளில் இருக்கும் இரண்டு பேரிடம் இருக்கிறது.

இவை எதுவும் நடக்காமல், நடத்துபவர் களைத்துப்போய் மூடிவிடுவதும் உண்டு. நெடுநாள் நடந்த மஸ்டோடன் டெக்னோலஜி என்ற சேர்வர் 2022 ஒக்டோபரில் அறிவித்தல் கொடுத்துவிட்டு டிசெம்பர் தொடக்கத்தில் மூடப்பட்டது. இப்படி முன்கூட்டியே அறிவித்தால் பயனர்கள் வேறு சேர்வருக்கு மாறலாம். பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய முகவரிக்கு வந்துவிடுவார்கள். பதிவுகள் வருவதில்லை. அவற்றைக் கோப்பாகத் தரவிறக்கலாம், புதிய சேர்வரில் திரும்ப ஏற்ற முடியாது.

எனவே எங்கள் சேர்வரை ஓர் அறிவித்தல் பலகையாகத்தான் நாங்கள் கருதுகிறோம். பெயர்கள், படங்கள், வாக்குமூலங்கள் ஆகியவற்றின் மூலப் பிரதி வேறிடத்தில் இருக்கும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் போன்ற ஒன்றை நாளுக்கு நாள் வெளியே சொல்ல, ஒரு நிறுவனத்தின் தயவில் இல்லாத பலகை பெறுமதியானது. ஒரு சேர்வரை மூடினாலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள சேர்வர்களில் பிரதிகள் கொஞ்சக் காலம் இருக்கும். அந்தப் பிரதிகளை நம்பி மூலத்தை வைத்திருக்காமல் விடுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

சேர்வர் நடத்த நினைப்பவர் காப்புப் பிரதியில் சேர்க்கவேண்டியவை நான்கு: தரவுத்தளம், பயனர்கள் ஏற்றிய படங்கள், ரெடிஸின் உள்ளடக்கம், இரகசியச் சாவிகள் அடங்கிய அமைப்புக் கோப்பு. கடைசியாகச் சொன்னது சில வரிகள் கொண்ட சிறிய கோப்பு என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் மீட்டெடுத்தால் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்கள் உள்ளே வர முடியாமற்போகும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்கவேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களை ஒரு நாள்கூடப் பிற்போடக் கூடாது. 2023 ஜூலையில் ஒரு படக்கோப்பின் மூலமே சேர்வரைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை திருத்தப்பட்டது. 2024 பெப்ரவரியில் மற்றவரின் கணக்கைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் ஓட்டை திருத்தப்பட்டது.

சேர்வர் நடத்தாமல் கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு வேலை குறைவு. அமைப்புகளில் "இறக்குமதியும் ஏற்றுமதியும்" என்ற பகுதிக்குப் போய் உங்கள் பதிவுகளின் கோப்பைக் கோருங்கள். தயாரானதும் மின்னஞ்சல் வரும். ஏழு நாட்களுக்கு ஒருமுறைதான் கோரலாம். நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலையும் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பில் நேரடிச் செய்திகளும் இருக்கும் என்பதால், அதைக் கடவுச்சொல் இல்லாத பென்டிரைவில் போட்டுக் கைமாற்றவேண்டாம்.